பச்சையில் நின்ற முள்

ஓடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தியதும் ரேலின் முதலில் பார்த்தது தண்ணீரை அல்ல, அப்பாவின் காலடியில் இருந்த ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளை. பச்சைக்குள்தான் இருந்தது. ஆனால் கன்னமுல்லா டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது இருந்த இடத்தில் இல்லை.

ஓடை இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போனது. இங்கே ஒரு சொட்டு மழை இல்லை. வடக்கே எங்கோ கொட்டிய மழை, மெனக்கெட்டு இன்றைக்கென்று பார்த்து வந்து சேர்ந்திருந்தது. ஆழம் காட்டும் கம்பத்தில் கீழ் எண்கள் எல்லாம் முங்கிவிட்டன.

"வண்டிய எறக்கிடலாமாப்பா?"

கிளாரி ஹாகன் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு தண்ணீரைப் பார்த்தார். மூன்று பெட்டி கோத்த மாட்டு லாரியை இந்தப் பக்கம் நாற்பது வருஷம் ஓட்டியவர். இப்போது சட்டைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை.

"கம்பத்தப் பாத்தியா? உன் காரு மிதக்கும். நான் எப்படியும் போற ஆளு. நீ எதுக்குக் கூட வர்ற?"

"அப்ப திரும்பிடலாம். ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்."

"அந்தக் கட்டில்ல நான் சாக மாட்டேன், ரே. ஜன்னலத் தொறந்தா காரு நிறுத்துற எடம். வீட்டுக்கு விடு."

டாக்டர் நாளைக் குறித்துச் சொல்லவில்லை. "ஆசைப்பட்டா கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். எல்லோருக்கும் புரிந்தது. நர்ஸ் மோய்ரா சிலிண்டரைக் கொடுத்து, காற்றைக் கூட்டவும் குறைக்கவும் அதன் தலையில் இருந்த திருகை மூன்றில் வைத்து, "இது மூணுலேயே இருக்கட்டும், வீடு வரைக்கும் தாராளமா வரும்" என்றாள். வீட்டில் கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் ஒன்றை அண்ணன் வார்விக் அப்பாவின் கட்டிலருகே வைத்துத் தயாராக இருந்தான். மோய்ரா சொன்ன தாராளம் நேர் ரோட்டுக்கு. ஓடையைச் சுற்றி வடக்கே மண் ரோட்டில் போனால் வழி ஏறக்குறைய இரட்டிப்பு. அதற்கு இந்தக் காற்று வருமா என்று கேட்க போனில் சிக்னல் இல்லை.

ரேலின் வண்டியைத் திருப்பினாள்.

மண் ரோடு துணி துவைக்கும் பலகைபோல வரிவரியாக இருந்தது. வேகம் குறைந்தால் பல் ஆடும், கூடினால் வண்டி வழுக்கும். அவள் கூட்டினாள். ஒவ்வொரு மேட்டிலும் கண் அப்பாவின் காலடிக்குப் போய் வந்தது. முள் இறங்கிக்கொண்டிருந்தது. பச்சை முடிந்து மஞ்சள், அதற்குப் பிறகு சிவப்பு. யாரோ நிதானமாக உட்கார்ந்து மூன்று கலரையும் அழகாகத் தீட்டியிருக்கிறார்கள். முள் மஞ்சளை நோக்கி ஒரு மயிரிழை நகரும்போதெல்லாம் அவள் கால் இன்னும் கொஞ்சம் அழுந்தியது.

"என்ன ஸ்பீடு?"

"அதிகமில்ல. நூறு."

கிளாரி கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். "நூத்திப் பதினஞ்சு. பொய் சொன்னாலும் கணக்கா சொல்லணும்."

"நீ பேசாம மூச்ச விடு."

"இந்த மீட்டரப் போட்டவனச் சொல்லணும். எரநூத்தி நாப்பது வரைக்கும் எழுதி வச்சிருக்கான். இந்த ரோட்டுல எவன் அவ்வளவு போறான்? ஆனா எழுதிட்டான் பாரு, நூத்திப் பதினஞ்சு பாதிகூட இல்லன்னு உனக்குத் தோணுது. என் பழைய லாரில நூத்தி இருபதோட முடிஞ்சிரும். தொண்ணூறு தாண்டினாலே முள்ளு செவுத்துல முட்டப்போற மாதிரி இருக்கும். பயத்துலயே கால எடுத்துருவோம்."

மூச்சு வாங்கியது. இவ்வளவு பேசியதற்குத் தண்டனையாக நெடுநேரம் இருமினார். ரேலின் பார்த்தாள், அவரை அல்ல, முள்ளை. இருமினால் காற்று அதிகம் செலவாகுமோ என்று ஒரு பைத்தியக்கார யோசனை.

அப்போதுதான் பசு வந்தது.

முல்கா வேலமரங்களுக்குள்ளிருந்து சிவப்புப் பசு ஒன்று, வீட்டு முற்றத்தில் நடக்கிற தோரணையில், ரோட்டின் நடுவே வந்து நின்றது. அவள் நிமிர்ந்தபோது அதன் கண்ணிமை தெரிந்தது. ஸ்டீயரிங்கை ஒடித்தாள். வண்டியின் பின்பக்கம் தன் இஷ்டத்துக்குச் சுற்றியது. புழுதி மாவாக எழுந்து கண்ணாடியை மூடியது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு நான்கு சக்கரமும் தரையில் படிய வண்டி நின்றது.

புழுதி அடங்க நேரம் பிடித்தது. பசு நின்ற இடத்திலேயே நின்று இவர்களைப் பார்த்தது.

ரேலினின் கைகள் நடுங்கின. கிளாரி முன்பலகையைப் பிடித்திருந்த கையை மெதுவாக விட்டார்.

"நீ ரோட்டப் பாக்கல."

"பாத்தேன்."

"என் காலடியப் பாத்துக்கிட்டிருந்த."

"முள்ளு எறங்குதுப்பா. மஞ்சளுக்கு வந்துடும் போலிருக்கு. நான் என்ன பண்ணட்டும்?" குரல் உடைந்துவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், உயிரோடு சேர்க்க வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்கு. அவர் கேட்ட கடைசிக் காரியம். அதையும் ஒரு ஓடை வந்து கெடுக்கப் பார்க்கிறது.

கிளாரி மகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மாதிரி ரோட்டில் கவிழ்ந்த வண்டிகளிலிருந்து எத்தனையோ பேரை வெளியே இழுத்துப் போட்டவர் அவர். அதையெல்லாம் வீட்டில் பேசியதே இல்லை.

"சிலிண்டரத் தூக்கி என் முட்டிக்கு நடுவுல வை. முள்ளு உன் பக்கம் இருக்கட்டும். குனிஞ்சு பாக்க வேண்டாம்."

வைத்தாள். அவர் அதன் தலைமேல் கையை வைத்துக்கொண்டார், நாயின் தலையில் வைப்பதுபோல.

"இனிமே மெதுவாத்தான் எறங்கும், பாரு. டீசல் முள்ளு மொதல்ல முழுசுலயே நின்னுக்கிட்டிருந்துட்டு, பாதிக்கப்புறம் சரசரன்னு விழும்ல? இது தலைகீழு. மொதல்ல விழும், அப்புறம் நிக்கும்."

"நெஜமாவா?"

"நாப்பது வருஷம் முள்ளையே பாத்தவன்கிட்ட கேக்குற."

வண்டியை எடுத்தாள். கொஞ்ச தூரம் போனதும் பார்த்தாள். இறங்கவில்லை. ஒரு மாட்டுத்தொட்டி தாண்டி மறுபடி பார்த்தாள். அதே இடம். பச்சையில் ஆணி அடித்தாற்போல் நின்றது. அவளை அறியாமல் கால் தளர்ந்தது. நூறு, தொண்ணூறு, எண்பது. வரிகள் பல்லை ஆட்டின, ஆனால் தோளில் ஏறியிருந்த இறுக்கம் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே செம்மண்ணில் புதிதாகப் புல் தலை காட்டியிருந்ததைக்கூட இப்போதுதான் கவனித்தாள்.

எதிரே ரோடு சமன்செய்யும் வண்டி ஒன்று ஊர்ந்து வந்தது. இந்தப் பக்கத்தில் எதிரே யார் வந்தாலும் ஸ்டீயரிங்கை விடாமல் ஒரு விரலை உயர்த்துவார்கள். உயர்த்தாதவன் வெளியூர்க்காரன், அல்லது உங்களோடு சண்டை போட்டவன். ரேலின் விரலை உயர்த்தினாள். கிளாரியிடம் ஸ்டீயரிங் இல்லை, சிலிண்டரின் மேலிருந்த கையில் ஒரு விரலை உயர்த்தினார்.

"நீ கத்துக்கிட்ட வண்டி ஞாபகம் இருக்கா?" என்றார்.

"அந்தப் பச்ச பிக்கப்பா? அதத்தான் இப்ப டெஸ் வச்சிருக்கா." டெஸ் அவள் மகள். லைசென்ஸ் வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை.

"அதுல டீசல் முள்ளு பொய் சொல்லும்."

"என்ன பொய்?"

"டாங்குக்குள்ள மிதவ ஒண்ணு இருக்கும். நீ ஓட்ட ஆரம்பிச்சப்ப அதோட கம்பிய வளச்சு விட்டேன். கால்வாசி டீசல் இருக்கறப்பவே முள்ளு காலிக்கு வந்து நின்னுரும்."

ரேலின் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "இத்தன வருஷமா என்ன ஏமாத்திக்கிட்டு இருந்திருக்க."

"நீ ஒரு தடவையாவது நடுவழில நின்னியா?"

நின்றதில்லை. அவள் யோசித்துப் பார்த்தாள். டீசல் தீரப்போகிறதென்று அலறியடித்துக்கொண்டு நிரப்பிய நாட்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. அப்போதெல்லாம் இந்த மனுஷன் பக்கத்தில் நின்று, "ஆமாமா, சுத்தமா காலி" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"வார்விக்குக்கும் வளச்சியா?"

"அவனுக்கு வளைக்கல. கோடைல மூணு தடவ நின்னுட்டான். மூணாந்தடவ தேடிக் கண்டுபிடிக்கறப்ப நாக்கு வீங்கிப் போயிருந்துச்சு. அதுக்கப்புறம்தான் எனக்குப் புத்தி வந்துச்சு."

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரிக்கப் பார்த்தார், சத்தம் வரவில்லை. அப்பாவைச் சாக வீட்டுக்குக் கூட்டிப் போகிற அன்றைக்குச் சிரிக்க முடியும் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பாள்.

"இப்ப டெஸ்கிட்ட சொல்லணும்ல?"

"சொன்னா அப்புறம் அது வேல செய்யாது."

பிறகு பேச்சு குறைந்தது. கிளாரியின் உதடு கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. நீலம் என்றுகூடச் சொல்லலாம்.

"என்னப்பா பண்ணுது?"

"தூக்கம்."

முள்ளைப் பார்த்தாள். பச்சை. தூங்கட்டும் என்று விட்டாள்.

வெயில் சாய்ந்து, மரங்களின் நிழல் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்தது. பழக்கமான வேலி வந்தது, பிறகு பழக்கமான காற்றாலை. இன்னும் ஒரு வளைவு, ஒரு கேட். அப்போது பக்கத்துப் பண்ணையின் வெள்ளை வண்டி எதிரே வந்தது. ஓட்டி வந்தவர் கிளாரியை அடையாளம் கண்டு, ஒரு விரலுக்குப் பதில் நாலு விரலையும் உயர்த்தினார். ரேலின் உயர்த்தினாள்.

சிலிண்டரின் மேலிருந்த கை அசையவில்லை.

அவள் மறுபடி பார்த்தாள். கண் பாதி திறந்து ரோட்டின் பக்கம் இருந்தது. முள் பச்சையில்தான் இருந்தது. கூப்பிட வாயெடுத்து, கூப்பிடவில்லை. காலை அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. அதே வேகத்தில் வளைவைத் தாண்டி, திறந்து வைத்திருந்த கேட்டுக்குள் நுழைந்து, வீட்டு வாசலில் நிறுத்தினாள்.

வார்விக் ஓடி வந்தான். கதவைத் திறந்தான், அப்பாவின் முகத்தைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான். பிறகு அவரைச் சின்னப் பிள்ளையைப்போல இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். படுக்கையறையில் மெஷின் காலியான கட்டிலுக்காக ஓடிக்கொண்டிருந்த சத்தம் வாசல் வரை கேட்டது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

ரேலின் உள்ளே போய் அவர் காலிலிருந்து பூட்ஸைக் கழற்றினாள். போர்வையைச் சரிசெய்தாள். செய்ய வேறு எதுவும் மிஞ்சவில்லை என்றானதும், சிலிண்டரை எடுக்க வண்டிக்குத் திரும்பினாள்.

இருக்கையில் சாய்ந்து கிடந்தது. காற்று வருகிற சத்தம் இருக்கிறதா என்று தெரியாத அளவுக்கு மெல்லியதாக இருந்தது. நிறுத்தலாம் என்று திருகில் கை வைத்தவள் குனிந்து பார்த்தாள்.

மூன்றில் இல்லை. ஒன்றுக்கும் கீழே, சின்னதாகப் போட்டிருந்த ஒரு கோட்டில் இருந்தது.

எங்கே திருகியிருப்பார் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பசு பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தபோது. அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அந்தக் கையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல, "என்னக் கேட்டியா? நான் கேட்டேனா?" என்று கத்த வேண்டும்போல இருந்தது. மூன்றிலேயே இருந்திருந்தால் காற்று வந்து சேர்ந்திருக்கலாம். சேராமலும் போயிருக்கலாம். அந்த வேகத்தில் அவள் உயிரோடு சேர்ந்திருப்பாளா என்பதும் அப்படித்தான். வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதாள்.

வார்விக் பின்னால் வந்து நின்றான். தோளில் கை வைத்தான். சிலிண்டரைப் பார்த்தான்.

"பாதிக்கிட்ட மிச்சம் இருக்கே. அப்ப காத்து பத்தாமப் போகல."

"இல்ல," என்றாள். "பத்தாமப் போகல."

"அது போதும் ரே. தூக்கத்துலயே போயிருக்காரு."

அவள் திருகை முழுவதும் மூடி, சிலிண்டரை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

டெஸ் பச்சை பிக்கப்பைக் கொட்டகையிலிருந்து வெளியே கொண்டுவந்து நிறுத்தினாள். கண் வீங்கியிருந்தது. ஏதாவது வேலை கொடுத்தால் தேவலை என்கிற முகம்.

"அம்மா, தம்பி பக்கத்துப் பண்ணை வீட்டுலதான இருக்கான். நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன். ஆனா முள்ளு காலில நிக்குது. அவ்வளவு தூரம் தாங்குமா?"

ரேலின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். முள் கடைசிக் கோட்டில் படுத்திருந்தது. போய்வர அந்த டீசல் யதேஷ்டம்.

"தாங்காது," என்றாள். "சுத்தமா காலி. ரொப்பிட்டுப் போ."

டெஸ் கொட்டகைப் பக்கம் வண்டியைப் பின்னால் எடுத்தாள். உயரே இருந்த தொட்டியிலிருந்து டீசல் இறங்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. காலி டாங்குக்கு ஆகிற நேரம் ஆகாமல், சீக்கிரமே நின்றது. டெஸ் மூடியைத் திருகிவிட்டு ஏறினாள். அது ஏன் என்று அவள் கேட்கவில்லை.

கேட்டைத் தாண்டும்போது ஸ்டீயரிங்கை விடாமல் ஒரு விரலை உயர்த்தினாள். சிலிண்டரின் மேல் வைத்திருந்த கையிலேயே, ரேலினும் ஒரு விரலை உயர்த்தினாள்.