டிக்கியில் எர்த்து

அப்பா அம்பாசடர் வாங்கியது எண்பத்தொன்றாம் வருடம். வண்டி பிறந்தது அதற்குப் பல வருடம் முன்னால். இடைப்பட்ட காலத்தில் அதை வைத்திருந்தவர் மணப்பாறையில் மாட்டுத் தரகர். அதனாலோ என்னவோ, பின்சீட்டில் உட்காரும்போதெல்லாம் யாரோ நம் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசப் போவது போலவே இருக்கும்.

அப்பா அற்புதசாமி ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மேலப்புதூரில் எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவுக்கும் தலைவர். முதல் வேலையிலிருந்து அரசாங்கம் அவரை வயதைக் காட்டி அனுப்பிவிட்டது. இரண்டாவது வேலையிலிருந்து அனுப்ப மூன்று பங்குச் சாமியார்கள் முயன்று, மூவரும் மாற்றலாகிப் போய்விட்டார்கள். சிங்கப்பூர் மாமா கொடுத்த டேப் செட்டை அப்பா வண்டியில் மாட்டினார். போட்டுக் கேட்க அவரிடம் இருந்தது ஒரே கேசட். அதில் பாடுவதும் அவர்தான்.

எஞ்சினை நிறுத்தி வைத்தால் பாட்டு நன்றாக வரும். ஸ்டார்ட் செய்ததும் பாட்டுக்குப் பின்னாலிருந்து 'ஙொய்ங்' என்று ஒன்று கிளம்பும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் மேலே ஏறும். கியர் மாற்றினால் இறங்கும். ஹாரன் அடித்தால் சரணத்துக்கு நடுவே ஒரு தவளை கத்தும். அப்பாவின் குரலும் அந்த ஙொய்ங்கும் ஜங்ஷன் வரை போட்டி போட்டுக்கொண்டே வரும். உள்ளதைச் சொன்னால், இரண்டில் சுருதி விலகாமல் இருந்தது ஙொய்ங்தான்.

"எனக்கென்னமோ அந்தச் சத்தமும் சேர்ந்தாத்தான் கேக்க முடியுது" என்றாள் அம்மா இருதயமேரி.

அப்பா பாலக்கரையிலிருந்து செபஸ்தியானை வரவழைத்தார். செபஸ்தியான் அங்கே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருப்பவன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் என் அக்கா லூர்துராணியின் குரலைக் கேட்பதற்காக, தெரிந்தவர் ஒருவருமே இல்லாத ஊர்களுக்கெல்லாம் ஒரு வருடமாக டிரங்க் கால் புக் செய்து கேன்சல் செய்துகொண்டிருந்தான். இது எனக்கும் அக்காவுக்கும் தெரியும். எக்ஸ்சேஞ்ச் முழுவதற்கும் தெரியும். அப்பாவுக்கு மட்டும் தெரியாது.

முதல் தடவை வந்து டைனமோவில் ஒரு கண்டென்சர் போட்டான். ஙொய்ங் கொஞ்சம் இளைத்தது. இரண்டாம் தடவை பிளக் ஒயர்களில் என்னவோ மாட்டினான். தவளை செத்தது. மூன்றாம் தடவை அவன் தலை டாஷ்போர்டுக்குக் கீழேயும் கால்கள் வாசலிலுமாகக் கிடந்தபோது, அப்பா பொறுமையிழந்து கத்தினார்.

"இந்தச் சத்தத்தை எவன் நிறுத்தறானோ, அவன் எதைக் கேட்டாலும் கொடுக்கறேன்!"

"பாத்துப் பேசுங்க" என்றாள் அம்மா. "ஏரோது ராஜாவும் இப்படித்தான் வாயை விட்டான். கடைசியில ஸ்நாபக அருளப்பர் தலை தட்டுல வந்துச்சு."

அப்பா சொன்னது ஒரு பேச்சுக்கு. ஆனால் டாஷ்போர்டுக்குக் கீழே இருந்த தலை அதை ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கியது போல எடுத்துக்கொண்டது. கால்கள் ஒருமுறை உதறின. பிறகு என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தான்.

"சவரி, கண்டுபிடிச்சிட்டேன்டா. செட்டோட கருப்பு ஒயரைத் துருப்பிடிச்ச தகட்டுல முடுக்கியிருக்காங்க. துருவைச் சுரண்டி, வண்டி பாடியில நேரா முடுக்கினா அஞ்சு நிமிஷத்துல சத்தம் போயிரும்."

"அப்போ முடுக்குங்கண்ணே."

"முடுக்கிட்டு? இந்தக் கிரீஸ் கையோடயா உங்கக்காவைப் பொண்ணு கேக்கறது? ஞாயித்துக்கிழமை குளிச்சிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து முடிக்கறேன். நிறுத்திட்டு அப்படியே கேட்டுர்றேன்."

வெளியே வந்து அப்பாவிடம் பணிவாகச் சொன்னான்: "எர்த்து சரியில்லை சார். ஞாயித்துக்கிழமை வந்து நல்ல எர்த்தா கொடுத்துர்றேன்."

"எர்த்தா?" என்றார் அப்பா. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

எங்கள் வீட்டில் முன்பு இஸ்திரிப் பெட்டியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். எலக்ட்ரீஷியன் வந்து கிணற்றடியில் குழி தோண்டி, இரும்புக் குழாயை நட்டு, கரியும் உப்பும் மண்ணும் போட்டு, தண்ணீர் ஊற்றி, அதிலிருந்து ஒயர் இழுத்தார். ஷாக் நின்றது. அப்பா அன்று முழுவதும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்று முதல் எர்த்து பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

சனிக்கிழமை காலை அம்மாவின் ரோஜாத் தொட்டி காலியாகக் கிடந்தது. அதன் மண் டிக்கியில் ஒரு பெயிண்ட் டின்னுக்குள் இருந்தது. அப்பா கரியை உடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கார்ல எர்த்துன்னா வண்டியோட பாடிதான். மண்ணு இல்லை" என்றேன். நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் கடைசி வருடம்.

"உனக்கு எந்தப் பேப்பர்ல அரியர்?"

"எலக்ட்ரிசிட்டியில."

"போய் உப்பு வாங்கிட்டு வா. கல் உப்பு."

கல் உப்பு வாங்கி வந்தேன். வண்டி குலுங்கினால் டின் கவிழ்ந்துவிடும் என்று, அப்பா டின்னின் அடியில் ஓட்டை போட்டு டிக்கித் தரையோடு போல்ட் போட்டார். டின் ஆடாமல் உட்கார வேண்டும் என்று தரையின் பெயிண்டையும் துருவையும் உப்புத்தாள் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தார். செட்டிலிருந்து இழுத்த கருப்பு ஒயரை அந்தப் போல்ட்டிலேயே கட்டி முடுக்கினார். மேலே மண், கரி, உப்பு. அதன் மேல் ஒரு சொம்புத் தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து செபஸ்தியான் வந்தான். வெள்ளைச் சட்டை. கழுத்து வரை பவுடர். கையில் ஒரே ஒரு ஸ்குரூ டிரைவர், அதையும் கழுவிக்கொண்டு வந்திருந்தான்.

"வா தம்பி, கேளு" என்று அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்து பாட்டைப் போட்டார்.

ஙொய்ங் இல்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தார். அப்போதும் இல்லை. அப்பாவின் குரல் மட்டும், மறைவு எதுவும் இல்லாமல், முழுசாக வந்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

செபஸ்தியான் டிக்கியைத் திறந்து பார்த்தான். டின்னைப் பார்த்தான். குனிந்து போல்ட்டைப் பார்த்தான். தேய்த்துப் பளபளத்த தரையைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து பவுடர் உதிர்ந்தது.

"பாடியில நல்லா முடுக்கிட்டாரு" என்று என் காதில் முனகினான். "நான் செய்ய இருந்ததையேதான் செஞ்சிருக்காரு. மண்ணு சும்மா மேல கிடக்குது."

"சொல்லிருங்கண்ணே."

"சொன்னா உங்கப்பா மூஞ்சி எப்படிப் போகும்? அந்த மூஞ்சியைப் பாத்து எப்படிடா பொண்ணு கேக்கறது?"

அப்பா கையைத் துடைத்துக்கொண்டார். "நானே நிறுத்திட்டேன். எவனுக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. நீ ஒரு காப்பி சாப்பிட்டுப் போ, தம்பி."

அவன் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போனான். அன்று மாலை அவன் தஞ்சாவூருக்கு டிரங்க் கால் புக் செய்தபோது, என்னிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்த அக்கா எக்ஸ்சேஞ்சிலிருந்து சொன்னது ஒரே வாக்கியம். "கிரீஸ் கையோட கேட்டிருந்தா நான் என்ன சட்டையா, அழுக்காகிப் போறதுக்கு?"

அதற்குப் பிறகு மூன்று வாரம், அப்பா தினமும் காலையில் ஜெபம் முடித்து, டிக்கியைத் திறந்து, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். தெருவில் போகிறவர்கள் வண்டிக்குள் என்ன பயிர் என்று கேட்டார்கள்.

நான்காவது ஞாயிறு ஸ்ரீரங்கத்துக்குப் போனோம். அங்கே தேசிகன் மாமா இருந்தார். அப்பாவோடு ஒரே ஸ்கூலில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அபாரமான சங்கீத ஞானம். தன் பாட்டைச் சத்தமில்லாமல் அவருக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அக்காவும் மாமியைப் பார்க்க வருகிறேன் என்றாள். வழியில் பாலக்கரையில் வண்டியை நிறுத்தி, "வா தம்பி, எர்த்து எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துக் கத்துக்கோ" என்று செபஸ்தியானையும் ஏற்றிக்கொண்டார் அப்பா. பின்சீட்டில் ஒரு ஓரம் அக்கா, மறு ஓரம் செபஸ்தியான். நடுவில், இன்சுலேஷன் டேப்பாக, நான்.

தேசிகன் மாமா முன்சீட்டில் ஏறி, பஞ்சகச்சத்தைச் சரிசெய்துகொண்டார். அப்பா எர்த்து விஷயத்தை முழுவதும் விளக்கினார்.

"பேஷ். உப்பு கட்டாயம் போடணுமோ?"

"கட்டாயம்."

"எங்க உப்பிலியப்பன் கிட்ட கேட்டா, உப்பே வேண்டாம்பார். போகட்டும். பாட்டைப் போடும் ஓய்."

சித்திரை வீதியில் வண்டி திரும்பியது. பாட்டு கணீரென்று வந்துகொண்டிருந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ரசித்தாரா, தாங்கிக்கொண்டாரா என்று தெரியவில்லை. அப்போது ஒரு பசு, வீதி தனக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது என்ற தோரணையில், குறுக்கே வந்து நின்றது. அப்பா ஓங்கி பிரேக் அடித்தார்.

பின்னால் 'டமார்'.

இறங்கிப் போய் நான் டிக்கியைத் திறந்தேன். மூன்று வாரம் உப்புத் தண்ணீர் குடித்த டின், அடித்தட்டைப் போல்ட்டோடு விட்டுவிட்டு, துருப்பிடித்த மூட்டில் பிய்ந்து உருண்டிருந்தது. மண்ணும் கரியும் டிக்கி முழுவதும் கிடந்தன. கருப்பாக ஒரு தண்ணீர் வீதியில் சொட்டியது.

வீதியில் பூக்கூடையோடு நின்ற ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, ஊறுகா ஜாடி ஒடைஞ்சிருச்சாய்யா?"

அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு ஓடி வந்தார். "பாட்டை நிறுத்துங்க! எர்த்து கொட்டிருச்சு! செட்டு போயிரும்!"

யாரும் நிறுத்தவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் குரல் மாதாவைப் புகழ்ந்து, ஒரு ஙொய்ங்கும் இல்லாமல், சித்திரை வீதியில் ஒலித்துக்கொண்டிருந்தது. பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பசுவும் போகவில்லை.

தேசிகன் மாமா நிதானமாக இறங்கி வந்தார். மண்ணைப் பார்த்தார். காதைச் சாய்த்துப் பாட்டைக் கேட்டார். முப்பது வருடம் தேற்றம் நிரூபித்த மனிதர்.

"அற்புதசாமி, மண் இங்கே கொட்டிக் கிடக்கு. பாட்டு சுத்தமா வரது. அப்படின்னா, அந்த மண்ணுக்கு இதுல என்ன ஓய் வேலை?"

அப்பா மண்ணைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். கணக்கில் நூறு வாங்கியவர்களை மட்டும் மதித்த அந்த முகம், பத்துப் பேர் முன்னால், விடை தெரியாத பையனின் முகமாக மாறிக்கொண்டிருந்தது. எனக்கே பார்க்கச் சகிக்கவில்லை. உண்மையைச் சொல்லத் தோதான ஆள் பக்கத்திலேயே நின்றான். அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செபஸ்தியான் பூக்காரம்மாளைப் பார்த்தான். தொண்டையைக் கனைத்தான்.

"ஊறிருச்சு சார்."

"என்னது?"

"மூணு வாரம் விடாம தண்ணி ஊத்தியிருக்கீங்க. எர்த்து பாடியில ஊறிருச்சு. இனிமே மண்ணு வேண்டாம். வண்டிக்கே எர்த்து வந்துருச்சு."

நான் என் பிசிக்ஸ் பேராசிரியர்களை மனதில் நினைத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

தேசிகன் மாமா மெல்லத் தலையாட்டினார். "வாஸ்தவம். மாவடு ஜாடியை எத்தனை தடவை அலம்பினாலும் அந்த வாசனை போறதோ? ஜாடியே மாவடு ஆயிடறது. அந்த மாதிரி."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார் அப்பா. முகம் பழையபடி வாத்தியார் முகமாகிவிட்டது.

"பிள்ளையாண்டான் யாரு? விஷயத்தைக் கரெக்டாப் பிடிச்சானே!"

"நம்ம பையன்தான். பாலக்கரை. கடை வெச்சிருக்கான்." அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதோ நிக்கறானே, இவன் பிசிக்ஸ் படிக்கறான். கார்ல எர்த்துக்கு மண்ணே வேண்டாம்னான்."

"லூர்துராணிக்கு வரன் பாக்கறேன்னேளே. பையனும் உங்களவா, வித்தையும் தெரிஞ்சிருக்கு."

அக்கா பசுவைப் பார்த்தாள். செபஸ்தியானும் பசுவைப் பார்த்தான். பசுவுக்குக் கூச்சமாகி, நகர்ந்து போய்விட்டது.

"அதைத்தான்" என்றார் அப்பா, "நானும் சொல்ல வந்தேன்."

அடுத்த வாரமே செபஸ்தியானின் அம்மா வந்து பேசி, பூ வைத்துவிட்டுப் போனாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லலாம். ஆனால் அப்பா தன் கண்டுபிடிப்பையும் மருமகனையும் சேர்த்தே ஊருக்கு அறிமுகப்படுத்தத் தொடங்கியிருந்தார். முதலில் சாமியாரின் ஜீப். பிறகு கே.கே. நகர் டாக்டரின் பியட். தேசிகன் மாமாவிடம் கார் கிடையாது. தன் ரேடியோவுக்கு எர்த்து வேண்டும், மண் மட்டும் கொள்ளிடத்து மண்ணாக இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

டாக்டரின் பியட் எங்கள் வாசலில் நின்ற அன்று, செபஸ்தியான் துருவைச் சுரண்டி ஒயரைப் பாடியில் முடுக்கினான். சத்தம் நின்றது. பிறகு பெருமூச்சு விட்டபடி கடப்பாரையை எடுத்துக்கொண்டு, மண் தோண்டக் கொல்லைப் பக்கம் போனான். சட்டை முழுவதும் புழுதி, கையெல்லாம் கிரீஸ். அக்கா கல் உப்புப் பொட்டலத்தோடு அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எவ்வளவு போடணும்?"

"எவ்வளவு போட்டாலும் ஒண்ணுதான்."

"மெதுவா. அப்பா காதுல விழப்போகுது."

"அப்போ ரெண்டு படி போடு" என்று உரக்கச் சொன்னான் செபஸ்தியான். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது: "மூணு!"