ஆயில் போன வழி

சின்னவன் லாரியை மறுபடியும் பட்டறைக்குள் கொண்டுவந்து, வழக்கம்போல இடப்பக்கச் சுவரை உரசுகிற மாதிரி நிறுத்தினான். எஞ்சினை அணைக்காமலேயே கீழே குதித்தான்.

"மாமா, ஆயில் முள்ளு பழையபடி படுத்துடுச்சு."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு ஏறிப் பார்த்தார். சிவப்பு விளக்கு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. லாரி அவருடையது. ஓட்டுகிற சின்னவன் அவர் மனைவியின் தம்பி. கல்யாணமான புதிதில் பள்ளிக்கூடப் பையோடு அவர்கள் வீட்டுக்கு வந்தவன், அங்கேயே வளர்ந்து, அங்கேயே மீசை முளைத்து, மாமாவின் பழைய சட்டைகளைப் போட்டுக் கிழித்து ஆளானவன்.

மீட்டர் பொய் சொல்லலாம். அதனால் மெக்கானிக் எஞ்சினிலேயே நேராக வேறொரு பிரஷர் மீட்டரைத் திருகிப் பார்த்தார். அந்த முள்ளும் எழுந்திருக்கச் சோம்பல்பட்டது. எஞ்சினை நிறுத்தி, ஆயில் சட்டியில் வடியும் வரை பொறுத்திருந்து, அளவுக்கம்பியை உருவினார். நுனி மட்டும் ஒப்புக்கு நனைந்திருந்தது. புது ஆயில் ஊற்றி ஓட்டியதும் முள் மளமளவென்று ஏறி நின்றது. ஆக, பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது, பேரிங்கும் தேயவில்லை. உறிஞ்சுவதற்கு ஆயில் இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் அது எங்கே போகிறது?

எஞ்சினுக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. சின்னவனை ஆக்ஸிலேட்டரை அழுத்தச் சொல்லி சைலன்சர் பக்கம் போய் நின்றார். எரிகிற ஆயில் நீலப் புகையாகக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே புகை சாதுவாக வந்தது. ரேடியேட்டர் தண்ணீரில் படலம் மிதக்கவில்லை. எஞ்சினுக்குக் காற்று ஊட்டுகிற டர்போவின் குழாயைக் கழற்றி விரலை விட்டுத் துழாவினார். உலர்ந்து கிடந்தது. பக்கத்தில் எங்கோ 'புஸ்' என்று காற்று சீறி அடங்கியது. லாரி என்றால் மூச்சு விடத்தான் செய்யும். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆயிலுக்குக் கால் முளைச்சுதான் நடந்து போகணும்" என்று சிரித்தான் சின்னவன்.

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை. கால் முளைத்ததோ இல்லையோ, கை முளைத்திருக்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் முதன்முதலாக வந்தது. வந்த எண்ணம் போகவில்லை. வருடங்களுக்கு முன்னால் வழியில் நின்றுபோன ஒரு சிநேகிதனுக்காக, சின்னவன் கேட்காமல் கொள்ளாமல் டேங்கிலிருந்து டீசல் எடுத்துக் கொடுத்திருக்கிறான். அன்று மாலையே அவனாக வந்து சொல்லியும்விட்டான். சொன்னது மறந்துபோய், எடுத்தது மட்டும் இப்போது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது அது வெளியே வந்தது.

சின்னவன் தட்டில் பிசைந்துகொண்டே, "மாமா, வண்டியில இன்னொரு விஷயம் சொல்லணும்..." என்று ஆரம்பித்தான்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. ஆயிலை எந்த வண்டிக்கு ஊத்திக்கிட்டு வர்ற?"

கை தட்டிலேயே நின்றது. அடுப்படியிலிருந்த மனைவி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன பேச்சு பேசுறீங்க நீங்க?"

"ஒழுகல, எரியல, தண்ணியில கலக்கல. வேற எங்கதான் போகும்? நீயே சொல்லு பாப்போம்."

சின்னவன் எழுந்து கையைக் கழுவினான். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தான். மலைக்கு அந்தப் பக்கத்துக் கிடங்குக்கு மர லோடு முந்தின நாளே ஏற்றியிருந்தது. மனைவி அவரைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. அவளும் புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"நானும் இவன்கூட மலைக்கு அந்தப் பக்கம் எங்க பெரியக்கா வீட்டுக்குப் போயிட்டு வரேன். நீங்க உங்க ஆயிலைக் கட்டிக்கிட்டு அழுங்க."

லாரி கிளம்பிப் போன பிறகு பட்டறை வெறிச்சென்று கிடந்தது. மெக்கானிக்குக்குக் கை ஓடவில்லை. கேட்டிருக்க வேண்டாமோ என்று ஒரு மனம், கேட்டால்தான் என்ன என்று ஒரு மனம். விளக்குமாற்றை எடுத்து லாரி நின்ற இடத்தைக் கூட்ட ஆரம்பித்தவர், சுவரருகே வந்ததும் அப்படியே நின்றார்.

வெள்ளையடித்த சுவரில், முழங்கால் உயரத்தில், கரிய ஈரம் விசிறி மாதிரி விரிந்திருந்தது. பழைய அடுக்கின் மேல் புது அடுக்கு. லாரி இத்தனை நாளும் சுவரை ஒட்டியே நின்றதால் கண்ணில் படவில்லை. விரலால் தொட்டு முகர்ந்தார். ஆயில். நேற்று அவர் கையால் ஊற்றிய புது ஆயிலின் வாசனையும் அதில் இருந்தது.

அந்த உயரத்தில் லாரியில் என்ன இருக்கிறது என்று யோசிக்கக்கூடத் தேவைப்படவில்லை. காற்று டேங்க் நிரம்பியதும் மிச்சக் காற்றைச் சீறி வெளியே விடுகிற வால்வு. நேற்று காதில் விழுந்த அதே 'புஸ்'.

பிரேக்குக்குக் காற்றை அடைக்கிற ஏர் கம்ப்ரசருக்கும் எஞ்சின் ஆயில்தான் போகிறது. அதில் ஆயிலைத் தடுக்கிற ரிங் உடைந்தால் ஆயில் கீழே சொட்டாது, புகையாகாது, தண்ணீரில் கலக்காது. காற்றோடு சேர்ந்து குழாய்க்குள் போகும். அந்தக் காற்றுதான் பிரேக். உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் ஆயிலில் ஊறி உப்பியிருக்கும். வால்வு ஒட்டிக்கொள்ளும். எப்போது, எந்த வளைவில் என்று யாருக்கும் தெரியாது.

சின்னவனுக்குப் போன் போட்டார். அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். கட் செய்தான். மனைவிக்குப் போட்டார்.

"என்ன, மன்னிப்பு கேக்கப் போறீங்களா?"

"எங்க இருக்கீங்க?"

"உச்சி தாண்டியாச்சு. இறங்கிக்கிட்டு இருக்கோம்."

"பயப்படாம கேளு. போனை அவன் காதுல வை."

"அவன் உங்ககூடப் பேச மாட்டானாம்."

"சரி, நீயே கேட்டுச் சொல்லு. பிரேக் எப்படி இருக்கு?"

அந்தப் பக்கம் எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே தம்பி ஏதோ சொல்வது கேட்டது. திரும்பி வந்த அவள் குரலில் கோபம் போய்விட்டிருந்தது.

"ரெண்டு மூணு நாளாவே பிரேக் லேட்டாத்தான் பிடிக்குதாம். காலையில அதைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தானாம். இப்ப... இப்ப மிதிச்சா பாதிதான் பிடிக்குதுங்கிறான்."

"ஆயில் எங்க போச்சுன்னு கண்டுபிடிச்சுட்டேன்னு சொல்லு. பிரேக்குக்குள்ள போயிருக்கு. அவன் மேல தப்பே இல்ல. சும்மா சும்மா பிரேக்கை மிதிக்காம கியரைக் குறைக்கச் சொல்லு. இருக்கிறதுலேயே சின்ன கியர்."

அவள் சொன்னாள். எஞ்சின் அலறத் தொடங்கியது போன் வழியாகவே தெரிந்தது.

"சிவப்பு லைட் எரியுதாம்! ஆயில் முள்ளு கீழ விழுந்துடுச்சாம்!"

நேற்றுதான் ஊற்றியது. ஏற்றத்தில் கம்ப்ரசர் மிச்சத்தையும் தள்ளி முடித்திருக்கிறது. இருக்கிற கொஞ்சமும் இறக்கத்தில் சட்டியின் முன்பக்கம் ஓடிவிட, பம்ப் வெறும் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும். லாரியைப் பிடித்து வைத்திருப்பது அந்த எஞ்சின் ஒன்றுதான். அதுவும் இன்னும் எத்தனை நேரமோ.

"எஞ்சின் செத்தா சாகட்டும். கிளட்ச்சை மட்டும் தொட வேணாம்னு சொல்லு. கை பிரேக்?"

"இழுத்துட்டான். நிக்கல. வண்டி கீழ இழுக்குது."

"மலைச் சுவர் எந்தப் பக்கம்?"

"என் பக்கம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இப்போது சொல்லப்போகிற வார்த்தையின் விலை என்ன என்று அவருக்குத் தெரியும்.

"சுவர்ல உரச விடச் சொல்லு. நீ அவன் பக்கம் நகர்ந்து குனிஞ்சு உக்காந்துக்கோ."

போன் கைமாறியது. சாப்பாட்டிலிருந்து எழுந்தது முதல் அவரோடு பேசாதவன் பேசினான். "மாமா, அக்கா இருக்கிற பக்கம் நான் உரச மாட்டேன். கீழ வளைவுல ரோடு போடுறதுக்கு ஜல்லி கொட்டி வச்சிருக்கான். எதிர்ப்பக்கம். என் பக்கமா ஏத்திக்கிறேன்."

"டேய், அந்தப் பக்கம் பள்ளம்டா!"

"தெரியும்."

பிறகு இரும்பு கிழிகிற சத்தம். அதோடு லைன் போய்விட்டது.

மெக்கானிக் பைக்கில் மலையேறியதை அவரால் பின்னால் எப்போதும் நினைவுபடுத்திச் சொல்ல முடிந்ததில்லை. ஒவ்வொரு வளைவிலும் தார் மேல் கறுப்பாகச் சிதறியிருந்த புள்ளிகள் மட்டும் ஞாபகம். அவற்றைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே போனார்.

லாரி ஜல்லிக் குவியலில் மூக்கைப் புதைத்து, பள்ளத்தின் விளிம்பில் சாய்ந்து நின்றது. மரங்கள் முன்னால் சரிந்து ஓட்டுநர் பக்கத்தை நசுக்கியிருந்தன. மனைவி ரோட்டோரம் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் கொஞ்சம் ரத்தம், வேறு ஒன்றுமில்லை. சாலை வேலைக்காரர்கள் கடப்பாரையால் கதவைப் பிளந்துகொண்டிருந்தார்கள். உள்ளே சின்னவன் விழித்திருந்தான். வலது கால் எங்கே முடிகிறது, பெடல் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

"அக்காவுக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்லடா."

"அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் மெக்கானிக் எத்தனையோ தடவை வாயெடுத்தார். ஒவ்வொரு தடவையும் சின்னவன், "விடுங்க மாமா" என்று முடித்துவிட்டான். கோபம் இருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

வீட்டுக்கு வந்த பிறகும் அவன் முகம் சுளிக்கவில்லை. அக்குள் கட்டைகளை ஊன்றிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து உட்காருவான். வருகிற டிரைவர்களோடு பேசுவான், சிரிக்கக்கூடச் செய்வான். ஆனால் ஒரு பழக்கம் அவனுக்கு வந்துவிட்டது. ஸ்பேனரோ, தண்ணீர்ச் செம்போ, எதை எடுப்பதானாலும், "மாமா, இதை எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுவான். முதல் தடவை மனைவி அதைக் கேட்டபோது, பரிமாறிக்கொண்டிருந்த கையை நிறுத்திக் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெக்கானிக் தலை நிமிரவில்லை.

"எடுத்துக்கடா" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. சின்னவன் கையை நீட்டாமல், அவர் இன்னொரு முறை சொல்வதற்காகக் காத்திருந்தான்.