இருபத்தெட்டுப் பிள்ளைகளும் ஒருத்தியும்

கார்மழை ஓய்ந்த காலைப்பொழுதில், செட்டிகுளத்துக் குன்றின்மேல் முகிற்கூட்டம் கலையாது தங்க, அடிவாரத்துக் கரிசல் வயல்களிலே சின்ன வெங்காயத் தாள்கள் நீர்த்துளி சுமந்து நிமிர, ஈரமண் மணக்கும் சாலைவழியே சிறாரின் ஆரவாரம் அலையலையாய் எழுந்ததைக் கேட்டிருப்பீராயின், கற்றறிந்தீர், அவ்வூர்ப் பள்ளி ஆசிரியை பூவிழியின் நெஞ்சு அன்று நிலைகொள்ளாது தவித்ததென்று நீவிர் எண்ணியிரீர்.

சென்ற ஆண்டு, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் உரக்கப் படிக்குங்கால் செய்யும் பிழைகளை நாள்தோறும் குறித்து, பிழையின் வகையறிந்து பயிற்றி, அதனாற் கண்ட பயனை அவள் எழுதிய கட்டுரையைக் கல்வி ஆய்விதழ் ஒன்று ஏற்றிருந்தது. இறுதித் திருத்தத்தை மாலைக்குள் அனுப்பவேண்டும். 'இருபத்தெட்டுப் பிள்ளைகளும் தேறினர்' என்னும் வரியில் அவள் விழி, முள்ளிற் சிக்கிய ஆடைபோல் மீளமாட்டாது நின்றது. தொடக்கத்தில் இருந்தோர் இருபத்தொன்பதின்மர். தேவயானி என்னும் சிறுமி இடையிலே வேற்றூர்ப் பள்ளிக்குப் போய்விட்டாள். ஏனென்று இவள் கேட்டதில்லை.

நண்பகலில், வயலிற் களைபறித்துக்கொண்டிருந்த அச்சிறுமியின் தாய் பாப்பாயியிடம் சென்று கேட்டாள்.

பாப்பாயி நிமிராமலே சொன்னாள்: "அவ வாயத் தொறந்தாலே நீங்க நோட்டுல எழுதுவீங்களாம் டீச்சர். 'எந் தப்பையெல்லாம் சேத்து வெக்கிறாங்கம்மா'ன்னு தெனமும் அழுதா. குரும்பலூர்ல எந்தம்பி வூட்டுல கொண்டுபோயி வுட்டுட்டேன்."

தலைமையாசிரியர் மணிவண்ணனோ, "ஒரு புள்ளைக்காகக் கெடுத்துக்காதீங்கம்மா. இது மொதல்ல அச்சுல வரட்டும்," என்றார். எழுதியதை அழித்தும், அழித்ததை எழுதியும், இருக்கை கொள்ளாது எழுந்து நடந்தும் உழன்றவள், மாலை மணி அடிக்குமுன், கட்டுரையை நிறுத்திவைக்குமாறு இதழுக்கு எழுதியனுப்பினாள்.

மறுநாள் காரிக்கிழமை, பள்ளி விடுமுறை. குரும்பலூர் சென்று, ஒரு பிள்ளை இடையிலே விலகிப்போனதுபற்றித் தான் புதிதாய் எழுதிய பத்தியைத் தேவயானிக்குப் படித்துக் காட்டினாள்.

"எம் பேரு இருக்கா டீச்சர்?"

"இல்லம்மா. இத எழுதலாமா, வேணாமா? நீதான் சொல்லணும்."

சிறுமி தாளை எட்டிப் பார்த்தாள். "தப்பா படிச்சேன்னு மட்டும் போடாதீங்க. பயந்துட்டேன்னும் போடுங்க."

அவ்வாறே போட்டாள். மீண்டும் ஆய்வுக்குச் சென்ற கட்டுரை ஆறு திங்கள் கழித்து வெளிவந்தது. தேவயானி திரும்பி வரவில்லை. பூவிழி இன்றும் வகுப்பிற் பிழைகளைக் குறிக்கின்றாள். ஆயினும், எழுதுகோலைத் தொடுமுன் படிக்கும் பிள்ளையின் முகத்தை ஒருகணம் நோக்குகின்றாள். அம்முகம் வாடக் கண்டால் ஏட்டை மூடிவிடுகின்றாள். அதனால் குறிப்புகள் பல விடுபட்டுப்போகின்றன. அவ்விழப்பிற்கு அவள் வருந்துவதில்லை.