பல் டாக்டர் வைத்தியம் பார்த்த கார்

டாக்டருக்குக் கை சும்மா இருக்காது. அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அதுதான். குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஊர் வம்பு கிடையாது. ஆனால் எதையாவது குடைந்துகொண்டே இருக்க வேண்டும். பல் டாக்டருக்கு அது பிழைப்புக்கு உதவுகிற குணம். ஓட்டையைக் கண்டால் விடாத கை என்று பெயர் வாங்கியவர். வீட்டில்தான் தொல்லை. நன்றாக ஓடுகிற கடிகாரத்தைப் பிரித்துப் பரப்பிவிட்டு, "லேசா தூசி தட்டினேன், அவ்வளவுதான்" என்பார். "உங்களுக்குப் பயந்தே இந்த வீட்டுல ஒரு சாமானும் ரிப்பேர் ஆக மாட்டேங்குது" என்று மனைவி சொல்லுவாள்.

அப்பேர்ப்பட்டவரிடம் போய் மைத்துனன் தன் காரை விட்டுவிட்டுக் கப்பலேறினான். பாவம், அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

டாக்டர் மனைவியின் கூடப்பிறந்த ஒரே தம்பி அவன். கப்பலில் என்ஜினியர். பதினோரு வருஷமாகக் கடலே கதி. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, வீடு வாசல் என்று எதுவும் வாங்கவில்லை. வாங்கியது ஒன்றே ஒன்று: அறுபது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் செய்த, இரண்டே பேர் உட்காரக்கூடிய, மேலே கூரையே இல்லாத ஒரு பச்சை ஸ்போர்ட்ஸ் கார். மழை வந்தால் நனையும், வெயிலில் மண்டை காயும், நிறுத்திய இடத்திலெல்லாம் எண்ணெய் சொட்டும். லீவில் வந்தால் பாதி நாள் அதற்குக் கீழே படுத்திருப்பான், மீதி நாள் அதில் ஏறிச் சுற்றுவான். டாக்டர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்தான் அதற்கு இருப்பிடம்.

கடைசியாகப் புறப்பட்ட அன்று அக்காவிடம் ஒரு சேதி சொன்னான். "இந்த ஒரு ட்ரிப் போதும்னு தோணுதுக்கா. வந்ததும் கப்பலை விட்டு இறங்கிடலாம்னு இருக்கேன். இங்கயே ஒரு வேலையைப் பார்த்துக்கிட்டு, காரை ஓட்டிக்கிட்டு இருந்துடறேன்."

அக்காக்காரிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தம்பி போன பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் கெஞ்சினப்ப இறங்கல, பொண்ணு பார்த்து வச்சப்ப இறங்கல. ஒரு ஓட்டைக் காருக்காக இறங்கறானாம். இறங்கட்டும், எனக்கென்ன. அந்தக் கார் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்."

டாக்டரிடம் அவன் சொன்னது வேறு. "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓடவிடுங்க மாமா. அது போதும். வேற ஒண்ணுமே பண்ண வேண்டாம்."

"நான் என்னப்பா பண்ணப் போறேன்?" என்றார் டாக்டர். மனசாரத்தான் சொன்னார்.

இரண்டு மாதம் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைத் துடைக்கும்போது, கதவுக்குக் கீழே பெயிண்ட் ஒரு இடத்தில் கொப்புளம் மாதிரி உப்பியிருந்ததைப் பார்த்தார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், கதவுக்கு அடியில், நீளமாக ஓடுகிற இரும்புச் சட்டம் அது. பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். வீட்டு முன்பக்கம் இருந்த கிளினிக்குக்குப் போய், பல்லைக் குத்திப் பார்க்கிற கொக்கி ஊசியை எடுத்துவந்து குத்தினார். ஊசி பொசுக்கென்று உள்ளே போனது. இன்னொரு இடத்தில் குத்தினார், அங்கேயும் போனது. அந்தப் பக்கம் போய்க் குத்தினார், துரு பொலபொலவென்று உதிர்ந்தது.

அன்று ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. சொத்தைப் பல்லை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிற ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது. "பூரா அரிச்சிருக்கு. இப்படியே விட்டா கார் தங்காது. இவன் வந்து இறங்கி எதை ஓட்டுவான்?" என்றார்.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றாள் மனைவி.

"கேட்டா வேண்டாம்பான். வந்து பார்க்கும்போது அசந்து போகணும்டீ."

அவர் அரைகுறையாக எதையும் செய்கிறவர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வெல்டிங் மெஷின் வாங்கினார். சாயங்கால வகுப்பில் சேர்ந்து, பட்டறைப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். பழைய தகரத்தில் இரண்டு மாதம் ஒட்டிப் பழகினார். புதுச் சட்டங்கள் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்து இறங்கின. ஒரு சனிக்கிழமை கிளினிக்கை மூடிவிட்டு, காரை முன்னாலும் பின்னாலும் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தினார். இரண்டு கதவையும் கழற்றி ஓரமாக வைத்தார். இரும்பு அறுக்கிற கிரைண்டரை எடுத்து இரண்டு பக்கச் சட்டத்தையும் அறுத்து எறிந்தார். சொத்தை துளிகூட மிச்சம் இருக்கக்கூடாது என்பது அவர் தொழில் தர்மம்.

அறுத்தபோது கார் எங்கோ ஒரு சின்ன முனகல் முனகியது. பழைய கார் முனகத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார்.

அந்தப் பாவி மனுஷனுக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான். கூரை உள்ள கார் என்றால் மேலேயும் ஒரு பிடிப்பு இருக்கும். கூரையில்லாத காருக்கு அந்த இரண்டு சட்டம்தான் முதுகெலும்பு. துருப்பிடித்து இற்றுப்போயிருந்தாலும் அதுதான் தாங்கிக்கொண்டிருந்தது. அறுப்பதற்கு முன்னால் கதவு இருக்கிற இடைவெளியில் குறுக்கே ஒரு கம்பியை வைத்துப் பற்றவைக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் தொய்ந்துவிடும். எந்தப் பல்லைக் குடைந்தபோதும் தாடை மடங்கி அவர் பார்த்ததில்லை. அவருக்கு எப்படித் தோன்றும்?

கார் ஒரு விரல் அகலம் தொய்ந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. தொய்ந்த காரில் புதுச் சட்டங்களை வைத்து, ஐந்து வாரம் உட்கார்ந்து வெல்டிங் செய்தார். என்ன வேலை அது! ஒவ்வொரு ஒட்டும் ஒரே சீராக, தடவினால் கையில் தட்டாமல், பல்லுக்குள் அடைத்த சிமென்ட் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் கப்பலிலிருந்து போன் வரும். "ஸ்டார்ட் பண்ணீங்களா மாமா?" என்பான். பெட்ரோல் டாங்கைக் கழற்றி வெளியே வைத்திருந்ததால், ஒரு சின்ன கேனில் பெட்ரோல் ஊற்றி அதில் குழாயை விட்டு, ஸ்டாண்டின் மேலேயே என்ஜினை ஓடவிட்டு, போனைப் புகைக்குழாய் பக்கம் பிடிப்பார். அந்தப் பக்கம் அவன் கேட்டுக்கொண்டே இருப்பான். "போதும் மாமா, நல்லா இருக்கு" என்று சொல்லும்போது அவன் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருக்கும்.

பெயிண்டும் அடித்து முடித்தபின், டாக்டர் கதவை எடுத்து மாட்டினார். மூடவில்லை. பின்பக்க மேல்மூலை பாடியில் போய் இடித்தது. கீலைத் தளர்த்தினார், இறக்கினார், ஏற்றினார். இடித்தது. அந்தப் பக்கக் கதவை மாட்டினார். அதுவும் அதே இடத்தில் இடித்தது. இரண்டு கதவும் ஒரே மாதிரி பெரிசாகப் போவதற்கு வழியில்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் பக்கத்துத் தெரு டிங்கரைக் கூட்டிவந்தார். நசுங்கின வண்டியையெல்லாம் தட்டி நிமிர்த்துகிற கெட்டிக்காரர். அவர் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். குனிந்து வெல்டிங்கைத் தடவினார்.

"குறுக்குக் கம்பி வச்சுட்டுத்தானே அறுத்தீங்க?"

"என்ன கம்பி?"

டிங்கர் சிரிக்க ஆரம்பித்து, டாக்டர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "வேலை சுமாரா இருந்திருந்தா பிரிச்சிருக்கலாம் சார். நீங்க செத்தாலும் விடாத மாதிரி பிடிச்சு வச்சிருக்கீங்க."

"நிமிர்த்த முடியாதா?"

"தரையோட சேர்த்து எல்லாத்தையும் திரும்ப அறுக்கணும். அறுத்தாலும் பழைய அளவுக்கு வரும்னு நான் சொல்ல மாட்டேன். இதுக்கு முழுக் காரையும் அளவு மாறாம இறுக்கிப் பிடிக்கிற அச்சு வேணும். என்கிட்ட இல்ல. எனக்குத் தெரிஞ்ச யார்கிட்டயும் இல்ல."

"மூணு வாரத்துல அவன் வந்துடுவான்."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்று சொல்லிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் டிங்கர் போய்விட்டார்.

அந்த மூன்று வாரம் டாக்டர் பட்ட பாடு எதிரிக்கும் வேண்டாம். பல்லைப் பிடுங்க வந்தவர்களிடம், "நல்லா யோசிச்சுக்கிட்டீங்களா? பிடுங்கினா திரும்ப வராது" என்று இரண்டு தடவை கேட்டார். அவர்கள் பயந்துகொண்டு எழுந்து போனார்கள். ஷெட் பக்கம் போவார், கதவைத் தூக்கி வைத்துப் பார்ப்பார், இடிக்கும், திரும்பி வருவார். நேற்று இடித்தது இன்று இடிக்காதா என்ன?

"போன்ல சொல்லிடுங்க" என்றாள் மனைவி. அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"இந்த ஞாயித்துக்கிழமை சொல்லிடறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வந்தது. "இன்னும் எட்டே நாள் மாமா, காலண்டர்ல அடிச்சுக்கிட்டே வர்றேன்" என்றான் அவன். டாக்டர் போனைப் புகைக்குழாயிடம் நீட்டினார்.

வந்து இறங்கினான். பெட்டியைக்கூடத் திறக்காமல், தோளில் மாட்டியிருந்த நீளமான பொட்டலத்தைத்தான் முதலில் பிரித்தான். காரின் கதவு ஓரத்தில் பதிக்கிற ரப்பர், இரண்டு பக்கத்துக்கும், புத்தம் புதுசு. "நாலு துறைமுகத்துல தேடினேன் மாமா. இது இல்லாமத்தான் கதவு லொடலொடன்னு ஆடுது. வாங்க, இப்பவே போட்டுடலாம்."

"சாப்பிட்டுட்டுப் போடுடா" என்றாள் அக்கா, வழியை மறித்துக்கொண்டு.

"ரெண்டு நிமிஷம்க்கா."

டாக்டர் பின்னாலேயே போனார். வழியில் சொல்லிவிட நினைத்தார். ஷெட் இருபது அடிதான், அதற்குள் வார்த்தை வரவில்லை.

அவன் பார்த்தான். சுவரில் சாய்த்திருந்த கதவைப் பார்த்தான். எடுத்து வைத்துப் பார்த்தான். அந்தப் பக்கம் போய் அந்தக் கதவையும் வைத்துப் பார்த்தான். பிறகு மண்டிபோட்டு, வெல்டிங் ஓரமாகவே விரலை ஓட்டிக்கொண்டு போனான். பதினோரு வருஷம் இரும்போடு பழகியவன், அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"யார் மாமா பண்ணது?"

"நான்தான் மச்சான்." டாக்டர் அவன் பக்கத்தில் குனிந்தார். "என்னைத் திட்டுடா. ரெண்டு அறை வேணாலும் அறை."

"எதுக்கு மாமா? ஒட்டு ரொம்ப நல்லா வந்திருக்கு." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். ரப்பரை மடிப்பு விழாமல் சுருட்டி, திரும்பவும் பொட்டலத்திலேயே போட்டுக் கட்டினான். "வாங்க, பசிக்குது."

சாப்பாட்டில் அவன் பேசினான் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு. கப்பல் சமையல்காரன் கதை, புயல் கதை, குடிகாரக் கேப்டன் கதை. அக்கா சிரித்தாள். டாக்டரும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார். மறுசோறு வாங்கிக்கொண்டு, தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சுக்கா. ஒரு கப்பலுக்கு ஆள் பத்தலையாம். வியாழக்கிழமை ஏறணும்கறாங்க."

அக்காவின் கரண்டி பாத்திரத்திலேயே நின்றது. அவனுடைய போன், அவன் வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து இதே ஹாலில், அவள் கண்முன்னால், சார்ஜரில் மாட்டிக் கிடந்தது. ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அவள் போனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அழுக்குத் துணியெல்லாம் இப்பவே எடுத்துப் போடுடா" என்றாள் அவள். "வியாழக்கிழமைக்குள்ள காயணும்ல."