எண் போடாத போன்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை ஐஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பிணவறையில் பதினெட்டு வருஷமாக வேலை. கேலிப் பெயர்தான், ஆனாலும் அவர் அதற்காக முகம் சுளித்ததில்லை. இங்கே வாய் திறந்து பேசுகிறவர்கள் இருப்பதே பெரிய விஷயம் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். பத்தொன்பது வயது. வாய்க்காலில் கால் தவறி விழுந்து, ஒன்றரை நாள் கழித்துக் கிடைத்திருந்தாள். கூட வந்த தாய்மாமன் தன் போனை அவர் கையில் கொடுத்தார். பேசியது பெண்ணின் அம்மா. வெளிநாட்டில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்ப்பவள். திங்கட்கிழமை காலை வந்து இறங்குகிற மாதிரிதான் டிக்கெட் கிடைத்ததாம்.

"அண்ணே, நான் வர்ற வரைக்கும் எம் பொண்ணு மொகம் அப்படியே இருக்குமா?"

தண்ணீரில் கிடந்த உடம்பு. குளிர் கொஞ்சம் விட்டாலும் முகம் கையை விட்டுப் போய்விடும். அது அவருக்குத் தெரியும். ஆனால் இப்போதைக்கு முகம் நன்றாகத்தான் இருந்தது.

"இருக்கும்மா. நான் பாத்துக்கறேன். வேணும்னா இப்பவே வீடியோல காட்டட்டுமா?"

"வேணாம் அண்ணே!" என்று அலறிவிட்டாள். "ஆறு வருஷமா போன்லதான் பாத்தேன். இந்த ஒரு தடவயாவது நேர்ல பாக்கறேன். வச்சிருங்க, அண்ணே. காட்டாம வச்சிருங்க."

அவர் வாக்குக் கொடுத்தார். யாருக்கும் அப்படி லேசில் கொடுக்கிறவர் இல்லை. அந்தக் குரல் அவரைக் கொடுக்க வைத்துவிட்டது.

மூன்று ராத்திரியும் மணிக்கு ஒரு தரம் இழுப்பறையைத் திறந்து பார்த்தார். பிரச்சினை ஞாயிறு பகல்தான். முன்பெல்லாம் ஞாயிறு பகலுக்கு ஓர் ஆள் உண்டு. குளிர் குறைந்தால் போனில் அலாரம் அடிக்கிற செயலி ஒன்றைப் போட்டுக்கொடுத்துவிட்டு, ஆபீஸ் புண்ணியவான்கள் அந்த ஆளை எடுத்துவிட்டார்கள். சாவியும் போனும் இப்போது அண்ணனிடம். வீடு நாலு தெரு தள்ளி. அலாரம் அடித்தால் ஐந்து நிமிஷத்தில் போய் நிற்கலாம். இதுவரை இரண்டு தடவை அடித்திருக்கிறது, இரண்டு தடவையும் பனியனோடு ஓடியிருக்கிறார்.

சனிக்கிழமை ஆபீஸிலிருந்து ஒரு மெசேஜ் வந்தது. எல்லோரும் ஞாயிறு மதியத்துக்குள் போனின் சிஸ்டத்தைப் புதுசாக்க வேண்டும். பழசில் அலாரம் செயலி ஓடாது. புதுசாக்கிய பிறகு வெர்ஷன் தெரிகிற பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டும்.

"பொணத்துக்குக் காவல் இருக்கறவன் படம் பிடிச்சு வேற அனுப்பணுமாம்" என்று வாய்விட்டுத் திட்டினார். ஆனால் அலாரம் ஓடாது என்ற வரி அவரைக் குத்திக்கொண்டே இருந்தது. அவர் அதைச் செய்ததே அந்தப் பெண்ணுக்காகத்தான், வேறு எதற்கும் இல்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ராத்திரி வேலை முடிந்தது. இழுப்பறையைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, கதவைப் பூட்டி வீட்டுக்கு வந்தார். கட்டிலில் உட்கார்ந்து சார்ஜரைச் செருகினார். அமைப்புகளுக்குள் போய், புதுசு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தட்டினார். இருந்தது. இறங்க ஒரு மணி நேரம் பிடித்தது.

"ராத்திரி பூரா முழிச்சிருந்துட்டு இதென்ன கூத்து? படுங்க" என்றாள் மனைவி. அவளுக்கு லாண்டரியில் பகல் வேலை, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இரு, இது முடியட்டும். இத விட்டுட்டுத் தூங்கினா எனக்குத் தூக்கம் வராது."

திரை கறுத்தது. கோடு ஒன்று இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு ஊர்ந்தது. மறுபடி கறுத்தது. அப்புறம் வெளிச்சம் வந்து, பெரிய எழுத்தில் மணி தெரிந்தது: ஒன்பது இருபது. கீழே பூட்டைத் திறக்க எண்ணைப் போடு என்று எப்போதும் கேட்கிறதைக் கேட்டது. ஸ்கிரீன்ஷாட்டை எழுந்து அனுப்பிக்கொள்ளலாம், மதியத்துக்குள் வராவிட்டால் தலையையா வாங்கிவிடுவார்கள்? சத்தத்தைப் பொத்தானை அழுத்தி முழுசாக ஏற்றினார். காதுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தார். நிம்மதியாகத் தூங்கினார்.

எழுந்தபோது சுவரில் வெயில் மஞ்சளாகியிருந்தது. மணி ஐந்தரை. போன் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. அப்பாடா என்று ஒரு கொட்டாவி விட்டு, நாலு எண்ணைப் போட்டார்.

போன் அலறியது. ஒன்று அடங்குமுன் இன்னொன்று. முப்பத்தேழு அபாயச் செய்திகள், முதலாவது ஒன்பது நாற்பதுக்கு.

எப்படி ஓடினார் என்று அவருக்கே நினைவில்லை. ஃபியூஸ் போயிருந்தது. சின்னச் சாமான். மாற்ற இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மெஷின் உறுமத் தொடங்கியது. ஆனால் கதவைத் திறந்ததுமே வாடை சொல்லிவிட்டது. இழுப்பறையை இழுத்தார், பார்த்தார், துணியை மூடினார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் தரையில் உட்கார்ந்து அழுதார்.

ஆபீஸின் கம்ப்யூட்டர்காரர் வந்து போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புதுசானதும் அதுவே அணைஞ்சு எழும் அண்ணே. நீங்க ஒரு தடவ நம்பரப் போட்டாத்தான் உள்ள இருக்கற செயலியெல்லாம் முழிக்கும். அதுவரைக்கும் மணி மட்டும் ஓடும். ஸ்கிரீன்ஷாட் எடுக்க உள்ள போயிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர், அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மேலாளர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "தண்ணில கெடந்த பாடி. நாலு நாள் ஆச்சு, அப்படித்தான் ஆகும்னு சொல்லிடு. யாருக்குத் தெரியப்போகுது? உனக்கும் ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் இருக்கு."

அண்ணன் தலையாட்டினார். ராத்திரி முழுக்க அந்த ஒரு வரியைச் சொல்லிச் சொல்லிப் பழகினார்.

திங்கட்கிழமை காலை அவள் பெட்டியோடு நேராக அங்கேயே வந்தாள். போனில் கேட்ட குரலுக்கு ஆள் ரொம்பச் சின்னதாக இருந்தாள். தாய்மாமன் வெளியே காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வந்து அண்ணனின் முகத்தைப் பார்த்த உடனே நின்றுவிட்டாள்.

"தண்ணில கெடந்த ஒடம்பும்மா" என்றார். "நாலு நாள் ஆயிடுச்சு..."

"நான் லேட்டா வந்துட்டனா, அண்ணே?"

அவர் இழுப்பறைப் பக்கம் திரும்பினார்.

"வியாழக்கிழமை ராத்திரிக்கே ஒரு டிக்கெட் இருந்துச்சு. வெல ஜாஸ்தின்னு விட்டுட்டேன். அதுல வந்திருந்தா பாத்திருப்பேன்ல? நாந்தான் கெடுத்தேன். பாவி, நாந்தான் கெடுத்தேன்." சுவரில் மடேர் மடேரென்று தலையை முட்டினாள்.

அவர் ஓடிப்போய் அவள் தலைக்கும் சுவருக்கும் நடுவே தன் கையைக் கொடுத்தார்.

"நீ இல்லம்மா. நான். நேத்துக் காலைல எட்டு மணி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கப்புறம் மெஷின் நின்னுபோச்சு. போன் அடிக்கும்னு நம்பித் தூங்கிட்டேன். அது அடிக்கல. அடிக்கிற மாதிரி நான் வைக்கல. நீ இன்னைக்கு வந்தது லேட்டே இல்ல."

அவள் அடிப்பாள் என்று நினைத்தார். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்துக் காலைல நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"உங்களத் தவிர யாரும் பாக்கலயா?"

"இல்லம்மா."

அவள் அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். அவருடைய கையை மட்டும் விடவில்லை.

"எப்படி இருந்தா? சொல்லுங்க."

அவரும் உட்கார்ந்தார். "வலது புருவத்துல சின்னதா ஒரு வெட்டுத் தழும்பு."

"கட்டில்ல இடிச்சுக்கிட்டது. மூணு வயசுல."

"ஒரு காதுல கம்மல் இருந்துச்சு. இன்னொண்ணு தண்ணியில போயிருக்கும். வாய் கொஞ்சம் தெறந்த மாதிரி. பல்லு வரிசை கொஞ்சம் முன்னால. பயந்த மொகம் இல்லம்மா. ஏதோ கேக்க வந்த மாதிரி இருந்தா."

"என்ன கேக்க வந்த மாதிரி?"

"அது தெரியலம்மா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "இன்னொரு தடவ சொல்லுங்க, அண்ணே. மெதுவா சொல்லுங்க. புருவத்துலேருந்து."

அவர் புருவத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.