தண்ணீர் காய்வதற்குள்

1

ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. போன் ரிப்பேர் கடைக்காரருக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கி. இந்தக் கதை அந்தப் பாக்கியில் பிறந்தது. வேறு எங்கேயாவது பிறந்தது என்று சொன்னால் கௌரவமாகத்தான் இருக்கும். ஆனால் பொய்யில் ஆரம்பித்தால் கடைசி வரை அதற்குத் தீனி போட வேண்டும். எனக்கு அவ்வளவு தெம்பு இல்லை.

என் மகளுக்கு நாலு வயது. சுவரில் சாத்தி வைத்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அது சரிந்து விழுந்தது தெரியாமல் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடி சிலந்தி வலையாகிவிட்டது. கடைக்காரர் இரண்டாயிரத்து முன்னூற்று நாற்பது ஆகும் என்றார். கையில் இருந்த ஐந்நூறைக் கொடுத்தேன். மாற்றிவிட்டார். ஆனால், “மீதியக் குடுத்துட்டு எடுத்துக்கங்கண்ணே” என்று டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார்.

அப்படியே ஒன்பது வாரம். (பேசுவதற்கு மனைவியின் பட்டன் போன் உண்டு. அதில் குழந்தை பார்க்க ஒன்றும் இல்லை.)

போன வாரம் மகளின் பாலர் பள்ளி டீச்சர் என்னை நிறுத்தினார்.

“உங்க பொண்ணு இப்பல்லாம் கூப்பிட்டா திரும்பிப் பாக்குறா. பக்கத்துப் பிள்ளைகிட்ட சண்டை போடுறா. காலையில வீட்டுல என்ன பண்றீங்க? ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. நோட்டீஸ் போர்டுல ஒட்டலாம். மத்த அப்பா அம்மாவும் தெரிஞ்சுக்கட்டும். பாயிண்டு பாயிண்டா இருந்தாப் போதும்.”

நான் எழுத்துக் கற்றது முப்பத்தாறு வயதில், யூனியன் அறையில், ஞாயிற்றுக்கிழமைகளில். எனக்குப் பாயிண்டு வராது. ஒரு வரி எழுதினால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நடந்தது எல்லாம் வந்துவிடுகிறது. அதனால் டீச்சர் கேட்டதுக்குப் பதிலாக இது.

(இதை எழுதுவது அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அச்சு கோணிப்போய்க் கழித்த அட்டைகளின் பின்பக்கத்தில். ஓர் அட்டை தீர்ந்தால் ஒரு பகுதி முடியும். இது பெரிய அட்டை.)

2

முதல் ஆரம்பம்:

‘குழந்தைகளின் காலைப்பொழுது அமைதியாகத் தொடங்க வேண்டும். பெற்றோர் முதலில் தங்கள் —’

விட்டுவிட்டேன். மைக் பிடித்த மாதிரி இருக்கிறது.

இரண்டாவது:

‘பறவைகள் பாடும் இனிய காலையில் தந்தையும் மகளும் சன்னல் ஓரம் —’

எங்கள் தெருவில் காலையில் பாடுவது தண்ணீர் மோட்டார்.

மூன்றாவது:

‘நான் தூங்குவதற்காக என் மகளிடம் போனைக் கொடுத்தேன்.’

இது நிற்கட்டும். இதற்குமேல் கூட்டிக் குறைக்க ஒன்றும் இல்லை.

மனைவிக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. ஐந்து நாற்பதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவாள். எனக்குத் தொழிற்சாலையில் மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை. அச்சு இயந்திரத்துக்கு அட்டை ஊட்டுவது என் வேலை. வீடு வந்து படுக்கப் பன்னிரண்டு ஆகும். காலை ஒன்பதுக்கு மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஒன்பதரைக்கு இரும்புக் கடையில் சரக்கு இறக்கப் போவேன். ஆக, ஆறிலிருந்து எட்டே கால் வரை எனக்கு ஒரு தூக்கம் பாக்கி இருந்தது. அந்தத் தூக்கத்தைப் போன் கொடுத்தது. அவள் அதைப் பார்ப்பாள், நான் கண்ணை மூடுவேன். எட்டே காலுக்கு எழுந்து ஊட்டினால், பார்வையை எடுக்காமல் வாயை மட்டும் திறப்பாள். என் இயந்திரமும் அப்படித்தான் அட்டை வாங்கும்.

அவளுக்கு வீட்டில் பெயர் சங்கு. பிறந்தபோது அழுத அழுகையைக் கேட்டு, “உங்க கம்பெனி சங்கே தோத்துடும் போல” என்று மனைவி வைத்த பெயர். பேச்சு வர வேண்டிய வயதில் போன் வந்தது. சங்கு அடங்கிவிட்டது. எங்களுக்கு அது நிம்மதியாகவே இருந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

3

இந்தக் கதையில் வரும் அப்பா மேல் எனக்குச் சந்தேகம்.

நேற்று எழுதிய படியில் அவர் காலையில் சிரித்த முகத்தோடு எழுந்தார். மகளை மடியில் வைத்துக் கதை சொன்னார். படித்துப் பார்த்த மனைவி, “யாருங்க இவரு? நமக்கு இவரத் தெரியாதே” என்றாள். அந்த அட்டையைக் கிழித்துவிட்டேன். நிஜத்தில் வந்தவர் இப்படி:

முதல் நாள், போன் இல்லை என்றதும் சங்கு ஆறிலிருந்து ஏழு பத்து வரை அழுதாள். எதிர் வீட்டு அக்கா கதவைத் தட்டினார். இரண்டாம் நாள் ஆறே முக்கால் வரை. மூன்றாம் நாள் அழவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இரண்டு விரலால் என் இமையைத் தூக்கி உள்ளே பார்த்தாள். யாராவது இருக்கிறார்களா என்று வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது போல.

அன்றைக்கு எதிர் வீட்டு அக்கா வந்து, “அப்பா தூங்குறாரா?” என்று கேட்டார்.

“தூங்கல. கண்ண மட்டும் மூடி வச்சிருக்காரு” என்றாள் சங்கு.

அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

(இங்கே ‘என் உள்ளம் பூரித்தது’ என்று ஒரு வரி இருந்தது. பூரித்திருக்கலாம். எனக்கு அப்போது தலைவலி.)

4

டீச்சருக்கு வேண்டியது இந்தப் பகுதிதான்.

எங்களிடம் பொம்மை இல்லை. உட்கார்ந்த இடத்தில் இருந்து என்ன செய்ய முடியுமோ அதைத்தான் செய்தோம். முதலில் போர்வை மடிப்பது. அவள் இரண்டு முனை, நான் இரண்டு முனை. முனையோடு முனை சேர்ந்தால்தான் அடுத்த மடிப்பு. அம்மா வேலையில் செய்வதும் இதுதான் என்று நான் சொன்னதும் விட மாட்டேன் என்கிறாள். மடித்ததை உதறி மறுபடி மடிக்கிறாள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரை இன்னொன்றில் சிந்தாமல் ஊற்றுவது. சிந்தினால் துடைப்பது. துடைப்பது அவளுக்கு ஊற்றுவதைவிடப் பிடிக்கும், அதனால் வேண்டுமென்றே சிந்துவாள்.

அப்படிச் சிந்திய தண்ணீரில்தான் எழுத்து வந்தது. நான் விரலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் ‘ட’ போட்டேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓரத்திலிருந்து காய்ந்து, ‘ட’ போய்விட்டது.

“எங்க போச்சுப்பா?”

“காஞ்சிடுச்சு.”

“இன்னொண்ணு.”

அதன் பின் அது விளையாட்டு. தண்ணீர் காய்வதற்குள் எழுத்தைச் சொல்லிவிட வேண்டும். அவசரம் கிடையாது, தண்ணீருக்கு நேரம் இருக்கிறது. ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் நான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வேன். காய்ந்ததும் அவள் இமையைத் தூக்குவாள்.

ஐந்தாவது வாரம் நான் ஒரு தப்பைச் செய்தேன்.

தொழிற்சாலையில் தேய்ந்துபோன ரப்பர் அச்சு ஒன்றைக் குப்பையில் போட்டார்கள். ‘கவனம்’ என்ற சொல். உடையும் பொருள் வைக்கிற பெட்டிகளில் அடிப்பது. எழுத்துகள் விரலுக்குத் தட்டுப்படும்படி புடைத்து நிற்கும். தடவிப் பார்த்துக் கற்கட்டும், நானும் இன்னும் கொஞ்சம் கண்ணை மூடலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பத்து நாள் தடவினாள். அப்புறம் பார்க்காமலே எழுதினாள்.

5

டீச்சர் என்னை உள்ளே கூப்பிட்டார். இது அந்தப் பாராட்டுக்கு முன்னால் நடந்தது. மேசையில் சங்குவின் சிலேட்டு.

“அப்பா, கொஞ்சம் பாருங்க. எல்லா எழுத்தும் இப்படித்தான் எழுதுறா. கண்ணுல ஏதாவது பிரச்சனையோன்னு எனக்கு பயமா இருக்கு. டாக்டர்கிட்ட ஒரு தடவை —”

நான் பார்த்தேன்.

“கவனம்னு எழுதியிருக்கா. சரியாத்தானே டீச்சர் இருக்கு?”

டீச்சர் சிலேட்டைப் பார்த்தார். பிறகு என்னை ரொம்ப நேரம் பார்த்தார். கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துச் சிலேட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியில் ‘கவனம்’ நேராக நின்றது. சிலேட்டில் அது பக்கம் மாறி, வலமிருந்து இடமாகப் போயிருந்தது.

அச்சில் எழுத்து திரும்பித்தான் இருக்கும். அட்டையில் விழும்போதுதான் நேராகும். யூனியன் அறையில் வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு மட்டும் நேராகப் படித்தேன். மற்ற ஆறு நாளும் அச்சில் திரும்பி நிற்கும் எழுத்தைப் படித்துத்தான் பழகினேன். எனக்கு இரண்டும் ஒன்றுதான். மனைவி எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் மனைவிதானே, அந்த மாதிரி. என் மகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் சொல்லே பக்கம் மாறியது.

ரப்பர் அச்சைப் பற்றிச் சொன்னேன். “அப்ப கண்ணுக்கு ஒண்ணும் இல்ல” என்று டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். என்னால் முடியவில்லை. போனில் வரும் பொம்மை எழுத்தை நேராகக் காட்டும். தூங்கி வழியாது. காது வரைக்கும் சூடேறி வெளியே வந்தேன்.

அதே வாரம் வேலையிலும் கண் அசந்தேன். இயந்திரத்தின் உருளை என் கையுறையின் நுனியை இழுத்துக்கொண்டது. விரல் பின்னாலேயே போயிருக்கும், மேஸ்திரி சுவிட்சை அடித்தார்.

“தூக்கம் வந்தா வீட்டுல தூங்கு. உருளைக்கு அட்டையும் உன் கையும் ஒண்ணுதான்” என்றார். “இன்னொரு வாட்டி பாத்தேன், கட்டுக் கட்டுற பக்கம் போட்டுடுவேன். கூலி பாதிதான். யோசிச்சுக்க.”

வீட்டில் கிழிந்த கையுறையை மனைவி பார்த்துவிட்டாள்.

“போனை மீட்டுட்டு வாங்க. காலையில தூங்குங்க. கை இருந்தாத்தான் மத்ததெல்லாம்.” கையுறையை மடித்து வைத்துவிட்டு, “அதுலதான் சங்கு நடக்க ஆரம்பிச்ச வீடியோவும் இருக்கு” என்றாள்.

இரும்புக் கடைக் கூலியைத் தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.

6

(சின்ன அட்டை.)

தப்பைத் திருத்த வேண்டும் என்று ஒருநாள் காலை அச்சு மையில் கொஞ்சம் கொண்டுவந்து ரப்பரில் தடவினேன். சங்கு கழிவு அட்டையில் வைத்து அமுக்கினாள். எடுத்தாள்.

“அப்பா, திரும்பிடுச்சு.”

“ஆமா. இதுதான் நேரான எழுத்து. இத்தனை நாள் அப்பா தப்பாச் சொல்லிக்கொடுத்துட்டேன்.”

அவள் அச்சையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தரையில் தண்ணீரால் ஒரு ‘க’ போட்டாள், பழையபடி பக்கம் மாற்றி. அதன் மேல் ஒரு அட்டையை வைத்து உட்கார்ந்து அமுக்கினாள். எடுத்துப் பார்த்தால் ஈரத்தில் நேரான ‘க’.

“தப்பு இல்லப்பா. இன்னும் அமுக்கல, அவ்ளோதான்.”

அன்றிலிருந்து அவளுக்கு எல்லாவற்றிலும் இந்தக் கேள்வி. செருப்பை அமுக்கினால் எப்படி வரும், சீப்பை அமுக்கினால் எப்படி வரும், அப்பா மூஞ்சியை அமுக்கினால். டீச்சர் பாராட்டியது இதற்கு அப்புறம்.

7

முடிவுகள்.

நோட்டீஸ் போர்டுக்கு ஒன்று: அப்பா பாக்கியைக் கட்டினார். போனை அங்கேயே விற்றுக் கலர் பென்சில் வாங்கினார். மகள் —

விற்றால் நடை வீடியோவும் போகும். மனைவி என்னை வீட்டுக்குள் விட மாட்டாள்.

மேஸ்திரிக்கு ஒன்று: அப்பா போனைச் சுவரில் சாத்திவிட்டு எட்டே கால் வரை தூங்கினார். பத்து விரலும் பத்திரம். சங்கு மறுபடியும் —

இந்த வாக்கியத்தை மூன்று தடவை முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை.

இதுவரை நடந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை, வேலைக்குப் போகும் முன் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு தடவை எண்ணினார்.

“ஒம்பது வாரம் அண்ணே. அந்த டிராயர்ல வாடகை வாங்கியிருந்தா நான் பக்கத்துக் கடையையும் புடிச்சிருப்பேன்.”

“வாடகை நான் உனக்குத் தரணுமா, நீ எனக்குத் தரணுமா தெரியலப்பா” என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்க எனக்கும் நேரம் இல்லை.

நோட்டைத் திருப்பினார். ‘அட்டை அண்ணன் — 1840.’ என் கடனை நானே படித்தது அதுதான் முதல் தடவை. அதன் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டார். “தீந்துச்சு” என்று போனை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் உட்கார்ந்து நடை வீடியோ பார்த்தோம். சங்கு தன்னைத்தானே பார்த்து, “இந்தப் பாப்பா ஏன் விழுந்து விழுந்து எழுந்திருக்குது?” என்று கேட்டாள். மனைவி போனை அணைத்து என்னிடம் கொடுத்தாள். எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

இன்று திங்கள். மனைவி கிளம்பிப் பத்து நிமிடம் ஆகிறது. போன் என் சட்டைப் பையில். தண்ணீர் டம்ளர் என் கால்மாட்டில். கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு உருளை முன்னால் நிற்க வேண்டும். சங்கு புரண்டு படுக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்து என் இமையைத் தூக்குவாள்.

டீச்சர், நீங்கள் கேட்ட ஒரு பக்கம் எப்போதோ தாண்டிவிட்டது. ஒட்டுவதானால் இந்த அட்டையையும் சேர்த்து ஒட்டுங்கள். படிப்பவர்களில் யாராவது என் மாதிரி பன்னிரண்டு மணிக்குப் படுப்பவர் இருப்பார். என் கை சட்டைப் பைக்குப் போனதா, டம்ளருக்குப் போனதா என்று அவர் சொல்லட்டும். அவர் எதைச் சொன்னாலும் நான் கோபப்பட மாட்டேன். முடிவு எழுத எனக்குத் தெரியவில்லை என்பதும் உண்மை. தெரிந்தாலும் எழுத மாட்டேன் என்பதும் உண்மை.

கடைக்காரர் நோட்டில் கோடு விழுந்துவிட்டது. அங்கே எனக்குப் பாக்கி எதுவும் இல்லை. அட்டையில் இன்னும் நாலு விரல் இடம் இருக்கிறது, அதைக் காலியாக விடுகிறேன். பேனாவை வைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறேன்.

காலடிச் சத்தம்.