பழைய எடை

தையல்காரிக்குப் புருஷன் மேல் சந்தேகம் விழுந்தது ரத்த அழுத்தத்தால்தான். வாரத்துக்கு மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ். மெஷினில் சேரும்போது நூற்றுத் தொண்ணூறு. நாலு மணி நேரம் கழித்து எழுந்திருக்கும்போதும் நூற்றெண்பதுக்குக் கீழே வரவில்லை.

"வீட்ல உப்பைக் குறைச்சீங்களா இல்லையா?" என்று நர்ஸ் கேட்டதும் இவள் முகம் சுண்டிப்போயிற்று. உப்பு டப்பா பரணுக்குப் போய் ஆறு மாதமாகிறது.

அப்படியானால் எங்கேயோ திருட்டுத்தனமாகத் தின்கிறார்.

மாத்திரை அட்டையை எண்ணினாள்; சரியாக இருந்தது. விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொன்னாள். மறுபேச்சில்லாமல் நாக்கை நீட்டிக் காட்டினார். எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுகிற மனுஷன் ஏன் இப்படி அடங்கிப்போகிறார்? அதுவே அவளை உறுத்தியது.

சாயங்காலம் அவர் நடக்கக் கிளம்பியபோது பின்னாலேயே போனாள். பெட்டிக்கடை வாசலில் நின்றார். தொங்கிய சிப்ஸ் பொட்டலங்களையே பார்த்தார். எதையும் தொடாமல் நகர்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவரே சொன்னார்: "முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன். பின்னாடி யார் வர்றாங்கன்னு தெரியாதா எனக்கு?"

அவமானமாக இருந்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை. அடுத்த தடவை டாக்டரைத் தனியே பிடித்தாள். "எனக்குத் தெரியாம உப்பு திங்கிறார் டாக்டர்."

டாக்டர் புருஷனின் கட்டிலுக்கு வந்து, அவர் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு பேன்ட்டைப் பார்த்தார். "இடுப்பைப் பிடிச்சுத் தைச்சது யாரு?"

"நான்தான். ரெண்டு தடவை. மூணு இஞ்ச் இருக்கும்."

"இதைச் சொல்லவே இல்லையேம்மா." டாக்டர் எடைத் தாளைப் புரட்டினார். "அறுபத்தினாலு கிலோ வர்ற வரைக்கும் தண்ணி எடுக்கணும்னு போன வருஷம் குறிச்சது. அப்புறம் சதை கரைஞ்சிருக்கு. அந்த இடத்துல தண்ணி தங்கிடுச்சு. அதான் பிரஷர் இறங்கல. முள்ளு அதே எடையைத்தான் காட்டும். நாங்கதான் கவனிச்சிருக்கணும்."

அரைக் கிலோ அரைக் கிலோவாக அந்த எடை இலக்கைக் குறைத்தார்கள். ஒருநாள் கால் இழுத்துக்கொண்டு துடித்தார். மெஷின் தண்ணீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டினார்கள். ஆறாவது வாரம் ரத்த அழுத்தம் நூற்றைம்பதுக்கு வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் மெதுவாகக் கேட்டாள்: "நான் அவ்வளவு படுத்தினேனே, ஏங்க ஒரு வார்த்தை பேசல?"

"எல்லாரும் சொல்றீங்களே, நெசமாவே ஏதாவது தின்னுட்டு மறந்துட்டேனோன்னு எனக்கே சந்தேகம்."

டயாலிசிஸ் ஊசி குத்தாத அவர் கையாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள்.